நம்பர் இல்லாத வேலம்பாளையம்

திருப்பூர் பக்கம் இரண்டு வேலம்பாளையம் உண்டு. ஒன்று பதினைந்து வேலம்பாளையம், ஊரோடு ஒட்டிக்கொண்டு, பனியன் கம்பெனிகளும் லைன் வீடுகளுமாக நெருக்கியடித்து நிற்பது. இன்னொன்று அறுபத்து மூன்று வேலம்பாளையம், பல்லடம் பக்கம், தறிச் சத்தம் கேட்கிற ஊர். எதற்கு இந்த நம்பர் என்று விசாரித்தால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், ஒன்றையும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் பஸ்ஸில் ஏறி மொட்டையாக “வேலம்பாளையம் ஒண்ணு” என்று டிக்கெட் கேட்டால், கண்டக்டர் நிமிர்ந்து பார்த்து “எந்த வேலம்பாளையமுங்க?” என்று கேட்பார். இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதான் இத்தனை காலமும் ஆட்கள் ஊர் மாறாமல் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கேள்வியைப் பிடுங்கிப் போட்டவள் வினிதா.

அவளுக்கு முப்பத்தாறு வயது. சொந்த ஊர் சென்னிமலை. குடியிருப்பது பதினைந்து வேலம்பாளையத்தில், லிங்கசாமி காம்பவுண்டில், எட்டு வீடுகளில் கடைசி வீட்டில். வேலை அனுப்பர்பாளையத்தில், ‘யூனிட் எங்கே’ என்ற இணையதளத்தில்.

‘யூனிட் எங்கே’ என்றால் ஒரு மேப், அவ்வளவுதான். திருப்பூரில் ஒரு பனியன் முழுசாக ஒரே கூரையின் கீழே உருவாவது அபூர்வம். நூலைத் துணியாக்குவது ஓரிடம், சாயம் போடுவது ஓரிடம், வெட்டித் தைப்பது ஓரிடம், காஜா எடுத்துப் பட்டன் வைப்பதற்கென்றே ஏதாவது சந்துக்குள் ஒரு தனி ஷெட். ஊருக்குப் புதியவன் அந்தச் சந்தைக் கண்டுபிடிப்பதற்குள் ஷிப்மென்ட் தேதி போய்விடும். அதற்காகத்தான் இந்த மேப். போனில் திறந்தால் யூனிட்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும், ஒரு புள்ளியைத் தொட்டால் பெயரும் வழியும் வரும். வேலை தேடி வருகிறவர்களுக்காக ஹாஸ்டல்களுக்கும் லைன் வீடுகளுக்கும்கூடப் புள்ளி வைத்திருந்தார்கள். அதில் பாதிக்கு மேல் வினிதா வெயிலில் தெருத்தெருவாக நடந்து வைத்த புள்ளிகள்.

ஓனர் தரணீதரன். தோட்டமும் பனியன் கம்பெனியும் உள்ள குடும்பத்தில் இவருக்கு மட்டும் கம்ப்யூட்டர் பைத்தியம். நல்ல மனுஷன்தான், வேலைக்காரர்களையும் ‘வாங்க போங்க’ என்றுதான் பேசுவார். ஆனால் ரேங்க் என்று ஒன்று அவர் மண்டைக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. கூகுளில் யாராவது ஊர்ப் பெயர் போட்டுத் தேடினால் தன்னுடைய பக்கம் முதலில் வர வேண்டும். இரண்டாவதாக வந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

அவர் பேச்சில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. கூகுளுக்கு மேப்பில் குத்தி வைத்த புள்ளி தெரியாது, எழுத்துதான் தெரியும். வெறும் மேப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அது கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போய்விடும். அதனால் மேப்புக்கு மேலே எண்ணூறு வார்த்தை எழுதச் சொன்னார். வினிதா எழுதினாள். ‘வேலம்பாளையத்தில் காஜா பட்டன் யூனிட் தேடுகிறீர்களா? வேலம்பாளையத்தின் சிறந்த காஜா பட்டன் யூனிட்களை வேலம்பாளையத்திலேயே கண்டறிய…’ இப்படியே போகும். பெற்ற பிள்ளையின் பெயரைக்கூட ஒருத்தி இத்தனை தடவை கூப்பிட்டிருக்க மாட்டாள். அதைத் தாண்டிக் கீழே கீழே தள்ளிக்கொண்டு போனால் கடைசியில் மேப் இருக்கும். அதுவும் மேப் இல்லை, மேப்பின் படம். நிஜ மேப் லோடாக நேரம் பிடிக்கிறது, ரேங்க் அடிபடுகிறது என்று அந்தப் படத்தை வைத்திருந்தார்கள். அதை ஒரு தட்டு தட்டினால்தான் மேப்புக்கு உயிர் வரும். இது தெரியாமல் ஜனங்கள் படத்தை விரலால் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுத் திட்டிக்கொண்டே போனார்கள்.

“சார், வர்றவங்க படிக்கறதுக்கு வர்றதில்லீங்க, வழி பாக்க வர்றாங்க,” என்று வினிதா சொல்லிப் பார்த்தாள். “மேப்ப மேல வெச்சரலாமுங்க. யூனிட் பேரையெல்லாம் அதுக்குக் கீழ வரிசையா எழுதீட்டா கூகுளும் படிச்சுக்கும். ரண்டும் ஆச்சுங்களே?”

“மொதல்ல ஆளு உள்ள வரோணுமல்லங்க வினிதா. வந்ததுக்கப்பறம் மேப்பத் தேடிக்கட்டும்.”

அடுத்து அவர் கை வைத்தது நம்பரில். பதினைந்துக்கு ஒரு பக்கம், அறுபத்து மூன்றுக்கு ஒரு பக்கம் என்று இரண்டு இருந்தன. இரண்டும் ஒன்றின் காலை ஒன்று வாரிவிடுவதால் இரண்டுமே கூகுளில் கீழே கிடக்கின்றன என்றார். “யாருங்க நம்பர் போட்டுத் தேடறாங்க? பத்துல ஏழு பேரு வெறும் வேலம்பாளையம்னுதான் போடறாங்க. ரண்டையும் ஒரே பக்கமா ஆக்கீருங்க. நம்பரத் தூக்கீருங்க.”

அவர் சொன்ன கணக்கு சரிதான். நம்பரை ஜனங்கள் எழுதுவதில்லை, வாயால் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் எழுத்தில் கேட்பவனிடம் “எந்த வேலம்பாளையமுங்க?” என்று திருப்பிக் கேட்க அங்கே கண்டக்டர் இல்லையே. இதை வினிதா இரண்டு நாள் சொன்னாள். மூன்றாவது நாள் விட்டுவிட்டாள். ஆபீஸில் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், “நீ சொன்னதுதான் செரி” என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அது இல்லாதவர்கள் சீக்கிரம் விட்டுக்கொடுத்துவிடுவார்கள். அவள் இரண்டு பக்கங்களையும் ஒன்றாக்கி, நம்பரை எடுத்துவிட்டாள்.

நான்கே நாளில் பக்கம் முதலிடத்துக்கு வந்தது. தரணீதரன் ஆபீஸுக்கே ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். பொய் சொல்லக்கூடாது, வினிதாவுக்கும் சந்தோஷம்தான். அவள் எழுதிய பக்கம், கூகுளில் முதலில். அதைப் போனில் படம் பிடித்து யாருக்காவது அனுப்பலாம் என்று பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். கேஸ்காரர், தண்ணி கேன், ஹவுஸ் ஓனர் லிங்கசாமி, ஜெயசுதா. ஜெயசுதாவுக்கு அனுப்பினாள். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

அனுப்ப ஆளில்லாமல் இப்படி ஏன் ஆனது என்றால், ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் வீட்டிலிருந்து ஒரு பையோடு கிளம்பி வந்தவள். அவனைப் பார்த்துக் கட்டிவைத்தது அவளுடைய அண்ணன் செந்தில்வேல். அண்ணனுக்குச் சென்னிமலையில் பெட்ஷீட் கடை, அந்தக் கடைக்கு நூல் போடுகிறவன் மாப்பிள்ளை. புருஷன் அடித்ததைக்கூடத் தாங்கிக்கொண்டாள், அண்ணனிடம் போய்ச் சொன்னபோது “பொறுத்துப் போ கண்ணு” என்ற பதில் வந்ததைத்தான் தாங்க முடியவில்லை. திருப்பூருக்குப் போகிறேன், கம்ப்யூட்டர் வேலை பார்த்துப் பிழைத்துக்கொள்கிறேன் என்றாள். “கம்ப்யூட்டரத் தட்டிச் சோறு திங்கப் போறாளாமா? போனா இந்த ஊட்டுப் படி மிதிக்காத,” என்றார் அண்ணன். அவள் மிதிக்கவில்லை. போன் நம்பரை மாற்றினாள், அண்ணனும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே ரத்தம், ஒரே வீம்பு.

ஊரிலிருந்து அவளுக்கு வருகிற ஒரே செய்தித்தாள் ஜெயசுதா. அவளும் சென்னிமலைக்காரி, பக்கத்துக் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற பனியனில் ஓட்டையும் அழுக்கும் பார்த்துப் பிரித்துப் போடுவாள். நம்பரைத் தூக்கி ஒரு வாரம் ஆன ஞாயிற்றுக்கிழமை அவள் ஓடி வந்தாள்.

“அக்கா, உங்கண்ணன் மவ சம்முகப்பிரியாவுக்கு வைகாசில கண்ணாலம். புதங்கெழமை திருப்பூருக்குப் பத்திரிகை வெக்க வர்றாங்களாமா. உங்க ஊட்டுக்கும் வரோணும்னு சொன்னாருக்கா. எங்கிட்டப் போன்ல அட்ரஸ் கேட்டாரு.”

வினிதா கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

வாட்ஸ்அப்பில் வருகிற பத்திரிகைக்கு எங்கள் பக்கம் மதிப்புக் கிடையாது. புருஷன் பெண்டாட்டியாக வீடு தேடி வந்து, தட்டத்தில் வெற்றிலை பாக்கு மஞ்சளோடு பத்திரிகையை வைத்துக் கையில் கொடுத்து, வாயாலும் கூப்பிட வேண்டும். பெண்ணுக்குச் சொந்த அத்தையே ஆனாலும், கூப்பிடாத கல்யாணத்துக்குப் போனால் மண்டபத்து வாசலிலேயே கூனிக் குறுகி நிற்க வேண்டியதுதான். கூப்பிட்டுவிட்டால் கதையே வேறு. ஆறு வருஷம் பேசாதவளானாலும் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு மணவறைக்குப் பக்கத்தில் போய் நிற்கலாம், ‘நீ எங்கே வந்தாய்’ என்று ஒருத்தரும் வாயைத் திறக்க முடியாது. அண்ணன் படியேறி வந்து கொடுத்தால் அவளுக்கு வீடு திரும்பக் கிடைக்கும். வராவிட்டால் இல்லை.

“உங்க நம்பரையும் குடுத்தரட்டுமாக்கா?”

“வேண்டாம். வேணும்னா அவரே கேக்கட்டும்.” சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். யோசித்திருக்க வேண்டாம். “லிங்கசாமி காம்பவுண்ட், வேலம்பாளையம்னு கூகுள்ல போடச் சொல்லு. மொதல்ல வர்றது எம்பக்கம். அது நாஞ் செஞ்சதுன்னும் சொல்லு.”

கம்ப்யூட்டரைத் தட்டி என்ன கிழித்தாள் என்று அண்ணன் பார்க்கட்டும் என்ற ஆசை அவளுக்கு. ஏழு நாளாக நம்பர் இல்லாமல் எழுதி எழுதி, அவள் வாயிலும் நம்பர் வரவில்லை.

புதன்கிழமை லீவு போட்டாள். வீட்டில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது, லிங்கசாமி வீட்டிலிருந்து இரண்டு வாங்கி வந்து போட்டாள். டம்ளர் நான்கை எடுத்துக் கழுவினாள். மூன்றில் கடை ஸ்டிக்கர் அப்படியே இருந்தது, நகத்தால் சுரண்டி எடுத்தாள். அண்ணனுக்குச் சந்தகை என்றால் உயிர். விடியற்காலையிலேயே மாவு வேக வைத்துப் பிழிந்து, தேங்காய்ப்பாலும் எடுத்து வைத்தாள். எட்டு மணிக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

ஒன்பதாச்சு. பத்தாச்சு. வாசலில் வண்டி நின்றபோதெல்லாம் எழுந்தாள். ஒன்று தண்ணி கேன், ஒன்று மூன்றாவது வீட்டுக்கு வந்த பார்சல். புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் பிடித்துவிடும், அதற்கு மேல் யாரும் தட்டம் எடுத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குள் நுழைய மாட்டார்கள். பதினொன்றரைக்குக் காம்பவுண்ட் கேட் வரை போய் நின்றாள். பன்னிரண்டுக்குத் திரும்பி வந்தாள். சந்தகை காய்ந்து கம்பி கம்பியாக நின்றது. அதற்கு மேல் ஒரு தட்டைக் கவிழ்த்தாள். கதவை மட்டும் சாத்த மனசு வரவில்லை.

ஒரு மணிக்குப் போன் அடித்தது, ஜெயசுதா. அவள் கம்பெனியில் காலையில் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள், சாப்பாட்டு நேரத்துக்குத்தான் கைக்கு வரும்.

“அக்கா, பதினோரு மிஸ்டு கால். உங்கண்ணன். இப்பத்தான் திருப்பிக் கூப்ட்டேன். நெம்பக் கோவமா இருக்காரு. ஊரெல்லாம் தேடிப் பாத்தோம், அப்படியொரு காம்பவுண்டே இல்லையாமா. வரவேண்டாம்னு நெனச்சிருந்தா நேராச் சொல்லியிருக்கலாம், பொய் அட்ரஸ் குடுத்து அலைய உட்டுட்டாளேன்னு…”

“எங்க தேடினாங்களாமா?”

“பல்லடம் பக்கம்னாரு. பேரு எழுதி எடுத்துட்டுக் கெளம்புன பத்திரிகைய ஊட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாதாமா. அங்கயே பஸ் ஸ்டாப்புல ஒரு டீக்கடையில குடுத்துட்டாராமாக்கா. வேணும்னா போய் வாங்கிக்கச் சொல்லுன்னு போன வெச்சுட்டாரு.”

பல்லடம் பக்கம் என்ற வார்த்தை காதில் விழுந்த உடனே வினிதாவுக்கு விளங்கிவிட்டது. லேப்டாப்பைத் திறந்தாள்.

அந்த இணையப் பக்கத்தில் ஒரு தேடும் பெட்டி உண்டு, போன் நிற்கிற இடத்தைச் சுற்றி மட்டும்தான் தேடும். அதில் யார் என்ன எழுதினாலும் மணியோடும் இடத்தோடும் ஆபீஸுக்கு வந்து சேரும். ஆள் பெயர் வராது. எப்போதும் ‘ஓவர்லாக் டெய்லர் வேலை’, ‘லேடீஸ் ஹாஸ்டல் தனி ரூம்’ என்றுதான் இருக்கும். தனியாக இருக்கிற நேரங்களில் அவள் அதைப் படிப்பாள், யாரோ பேசுவது போலிருக்கும். இன்றைக்கு அறுபத்து மூன்று வேலம்பாளையம் பஸ் ஸ்டாப்பிலிருந்து வந்தவை வரிசையாக இருந்தன.

10.52: லிங்கசாமி காம்பவுண்ட்
10.58: லிங்கசாமி காம்பவுண்டு லைன் வீடு
11.20: லிங்கசாமி
11.34: வினிதா
11.41: வினிதா சென்னிமலை
11.56: வினிதா வீடு எங்கே

ஒவ்வொன்றுக்கும் பக்கம் ஒரே பதிலைச் சொல்லியிருந்தது. ‘மன்னிக்கவும், அருகில் முடிவுகள் இல்லை. வேலம்பாளையத்தின் சிறந்த பத்து யூனிட்கள் இதோ!’ அந்த ஆச்சரியக்குறியை வைத்ததும் அவள்தான். திரையைப் பார்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். கதவு திறந்துதான் இருந்தது, கேட்கிறவர்கள் கேட்கட்டும்.

தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. லிங்கசாமி காம்பவுண்டின் புள்ளி மேப்பில் சரியான இடத்தில்தான் இருந்தது. ஆனால் அந்த மேப், எண்ணூறு வார்த்தைக்குக் கீழே, உயிரில்லாத படத்துக்குப் பின்னால். போனைத் திறக்கிறவன் கண்ணில் முதலில் படுவது உச்சியில் உள்ள ‘வழி காட்டு’ பட்டன்தான். இரண்டு பக்கங்களை ஒன்றாக்கியபோது அந்தப் பட்டன் இரண்டில் பழைய பக்கத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பழையது அறுபத்து மூன்று. அண்ணன் பட்டனைத் தொட்டிருக்கிறார், அது கூட்டிக்கொண்டு போய் இருபது கிலோமீட்டர் தள்ளி விட்டிருக்கிறது. அவள் ஒருநாளாவது அந்தப் பட்டனைத் தொட்டுப் பார்த்திருக்கலாம். பத்து நாளும் ரேங்கைத்தான் பார்த்தாள்.

யாரையும் கேட்காமல் பக்கத்தை இரண்டாகப் பிரித்தாள். தலைப்பிலேயே பதினைந்து, அறுபத்து மூன்று என்று எண்ணும் எழுத்துமாகப் போட்டாள். மேப்பை உச்சிக்கு ஏற்றினாள், எண்ணூறு வார்த்தையை வெட்டி எறிந்துவிட்டு யூனிட் பெயர்களைக் கீழே வரிசையாக எழுதினாள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஒரு வரி: ‘எந்த வேலம்பாளையமுங்க?’ அதற்குக் கீழே இரண்டு பட்டன். முடித்துவிட்டுத் தரணீதரனைக் கூப்பிட்டாள்.

“ஏனுங்க வினிதா, லீவு நாள்ல என்னத்துக்குங்க… அய்யோ, ரேங்க் போயிருமுங்களே!”

“நம்ம பக்கம் மொதல்ல வருதுங்க சார். அதப் பாத்து வர்றவங்கதான் வர வேண்டிய எடத்துக்கு வர்றதில்லை. பத்து நாள்ல நாப்பத்தியோரு பேரு அறுவத்திமூணுல போய் நின்னுட்டு, இங்க இருக்கற யூனிட்டத் தேடியிருக்காங்க. நாஞ் சும்மா சொல்லலீங்க, எண்ணிப் பாத்துட்டேன்.”

“நாப்பத்தியோரு பேருங்களா?” என்றார் தரணீதரன். அவர் கெட்டவர் இல்லை என்று முதலிலேயே சொன்னேன். “செரி, அப்படியே இருக்கட்டும். நீங்க ஏன் ஒரு மாதிரி பேசறீங்க?”

“அதுல ஒருத்தரு எங்கண்ணனுங்க,” என்று சொல்லிப் போனை வைத்தாள்.

பழைய பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறினாள். கண்டக்டரிடம் “அறுவத்திமூணு வேலம்பாளையம்” என்று அழுத்திச் சொன்னாள். வழியெல்லாம் மனசுக்குள் அண்ணனோடு பேசிக்கொண்டே போனாள். ஆறு வருஷத்துப் பேச்சு, பல்லடம் ரோடு போதவில்லை.

பஸ் ஸ்டாப்பில் ஒரே ஒரு டீக்கடைதான். கடைக்காரர் பொங்கியண்ணன் அறுபது வயசு ஆள், போண்டா போட்டுக்கொண்டிருந்தது அவர் சம்சாரம் சின்னாத்தாள். பத்திரிகை என்று வாயெடுத்ததுமே அந்த அம்மா அடுப்பை அணைத்துவிட்டாள்.

“நீங்கதானுங்களா அந்தத் தங்கச்சி? வாங்க, உக்காருங்க. பத்து நாளா இதே கூத்துங்க. வடக்கத்திப் பசங்க பையத் தூக்கீட்டு வந்து, ‘பையா, ஹாஸ்டல் கிதர்’னு இந்தியில வழி கேக்கறாங்க. நாங்க என்னத்தக் கண்டோம்? காலையில உங்கண்ணனும் அண்ணியும் கார்ல வந்து எறங்குனாங்க. அப்படியொரு காம்பவுண்டு இங்க இல்லீங்க, திருப்பூர்ல ஒரு வேலம்பாளையம் இருக்குது, அங்க போய்ப் பாருங்கன்னு இவரு சொன்னாருங்க.”

வினிதா நிமிர்ந்தாள். “சொன்னீங்களா?”

“சொன்னேனுங்க,” என்றார் பொங்கியண்ணன். “கேக்கோணுமல்லங்க? ‘இது என்ற தங்கச்சி செஞ்ச மேப்புங்க. கூகுள்லயே இதுதான் மொதல்ல வருது. அவ தப்பாப் போடமாட்டா’ன்னு எங்கிட்டயே சண்டைக்கு வர்றாருங்க. போனைக் காட்டிக் காட்டிக் கடைக்கு வந்தவங்ககிட்டயெல்லாம், என்ற தங்கச்சி செஞ்சது, என்ற தங்கச்சி செஞ்சதுன்னு சொல்றாரு. தட்டத்தக் கீழயே வெக்காம ஒரு மணி நேரம் தெருத்தெருவா அலஞ்சாங்க ரண்டு பேரும். ராகு காலம் வந்துருச்சு. அப்பறந்தான் அவரு மூஞ்சி மாறிப்போச்சுங்க. ‘மேப்பு தப்பா இருக்காது. அப்ப அவதான் நாங்க வரவேண்டாம்னு நெனச்சுட்டா’ன்னு சொல்லிட்டு, அந்தா அந்த பெஞ்சுல கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போனாருங்க.”

வினிதா அந்த பெஞ்சைப் பார்த்தாள். அவளை நம்பாமல் போயிருந்தால் அண்ணன் அரை மணி நேரத்தில் அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருப்பார். ஆறு வருஷம் கழித்து அண்ணன் அவளை நம்பினார், நம்பியதால்தான் வரவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சின்னாத்தாள் உள்ளே போய்ப் பத்திரிகையை எடுத்து வந்தாள். மூலையில் மஞ்சள் தடவிய கவர். ‘வினிதா, வேலம்பாளையம்’ என்று அண்ணனின் கோழிக் கிறுக்கல். அதை வெறும் கையில் கொடுக்க அந்த அம்மாவுக்கு மனசில்லை. போண்டாத் தட்டைக் கழுவித் துடைத்து, பெட்டியிலிருந்து நாலு வெற்றிலையும் பாக்கும் எடுத்து வைத்து, அதன் மேல் கவரை வைத்தாள். “ஏனுங்க, நீங்களும் வந்து தொடுங்க,” என்று புருஷனைக் கூப்பிட்டாள். இரண்டு பேருமாக நீட்டினார்கள். முன்பின் பார்த்திராத இரண்டு பேரிடமிருந்து வினிதா தன் அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

“வாயில கூப்புடறதுக்கு நாங்க ஆகாதுங்க கண்ணு. அத அவருதான் கூப்புடோணும்,” என்றாள் சின்னாத்தாள். “நம்பர் குடுத்துட்டுப் போயிருக்காரு. போடுங்க அவருக்கு,” என்று புருஷனைப் பார்த்துச் சொன்னாள்.

வினிதா வேண்டாம் என்பதற்குள் போன் அடித்துக்கொண்டிருந்தது. பொங்கியண்ணன் அதை அவள் கையில் திணித்தார்.

“சொல்லுங்க,” என்றது அண்ணன் குரல். கொஞ்சம் வயசாகியிருந்தது.

“அண்ணா, நாந்தான். வினிதா.”

பஸ்ஸில் சேர்த்து வைத்த பேச்சில் ஒரு வார்த்தைகூட அவள் நாக்குக்கு வரவில்லை.

“மேப்பு தப்புங்ணா,” என்றாள். “ரண்டு வேலம்பாளையம் இருக்குது. நான் ரண்டையும் ஒண்ணாப் போட்டுட்டேன். உங்களக் கொண்டுபோய் இங்க உட்டது நாஞ் செஞ்ச தப்புத்தான். காலையிலிருந்து கதவத் தொறந்து வெச்சுட்டு உங்களுக்குத்தான் உக்காந்திருந்தேன்.”

அந்தப் பக்கம் யாரோ கடையில் பெட்ஷீட் விலை கேட்டார்கள். அண்ணன் அவர்களுக்குப் பதில் சொல்லவில்லை.

“சாப்புட்டியா?” என்றார்.

“இல்லீங்ணா.”

“சந்தகை பண்ணியிருந்தியா?”

“ஆமாங்ணா.”

அண்ணன் தொண்டையைச் செருமினார். பதினைந்து நாளாக வீடு வீடாக ஏறி இறங்கிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு மனப்பாடமாகிவிட்ட குரலில், “வைகாசி பதினெட்டு, சம்முகப்பிரியாவுக்குக் கண்ணாலம் வெச்சிருக்கறோம். மொத நாளே குடும்பத்தோட வந்துரோணும்,” என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. “வினி… அது… பழக்கத்துல…” என்று இழுத்தார். ஒரு பெரிய மனுஷன் இப்படித் திக்குவதை அவளால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அவள் குடும்பம் என்றால் அவள் ஒருத்திதான், அது இரண்டு பேருக்கும் தெரியும். இருந்தாலும் வீடு தேடி வந்து கூப்பிடுகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வதென்று ஒரு முறை இருக்கிறதே.

“வந்தர்றோமுங்ணா,” என்றாள் வினிதா. “எல்லாரும் வந்தர்றோம்.”